கருவிலிருக்கும் சிசுவுக்கு அறுவை: தாய்க்குக் கொடுக்கும் மயக்கம் சிசுவுக்குப் போதுமா?

#1 நிலவன்
24 வாரத்தில் கருப்பையைத் திறந்து முதுகுத்தண்டுப் பிளவை மூடும் அறுவையை எடுத்துக்கொள்வோம். தாய் முழு மயக்கத்தில் இருக்கிறார். செவோஃப்ளூரேன் என்ற ஆவி மயக்க மருந்து நச்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவுக்கும் போகிறது. அப்புறம் சிசுவுக்கென்று தனியாக ஃபென்டனில் என்ற வலிநீக்கி ஊசி எதற்கு? நெறிமுறைகளில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்றும் இருக்கிறது, 20 என்றும் இருக்கிறது. எதை எடுப்பது, எந்த இடத்தில் போடுவது, எப்போது போடுவது? இன்னொன்று: அந்த வயதில் சிசுவுக்கு வலியே தெரியாது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது சரியென்றால் ஊசியே வேண்டாமா?

#2 ஊசிமுனை
முதலில் எந்த மருந்து எவ்வளவு தாண்டுகிறது என்று பார்த்துவிடுவோம். பாதி குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஆவி மயக்க மருந்துகள் தாண்டும். ஆனால் தாயின் அளவைச் சிசு எட்டிப்பிடிக்க நேரமாகும். ஆட்டுச் சிசுக்களில் செய்த ஆய்வுகளில் மயங்குவதற்குத் தேவையான அளவு தாய்க்கு வேண்டியதைவிடக் குறைவு என்று வந்திருக்கிறது. அதனால் சிசு ஓரளவு மயக்கத்தில்தான் இருக்கும். எந்த ஆழத்தில் என்று அளக்கத்தான் வழியில்லை.

முதுகில் போடும் எபிடியூரல், ஸ்பைனல் ஊசிகள் தாயின் நரம்புகளை மட்டுமே மரத்துப்போக வைக்கும். அவற்றால் சிசுவுக்கு வலிநீக்கம் கிடைக்காது. 

வெக்குரோனியம், ரோக்குரோனியம் போன்ற தசைத் தளர்த்திகள் மின்னூட்டம் கொண்ட மூலக்கூறுகள். தாய்க்குக் கொடுத்தால் சிசுவைச் சென்றடைவது மிகக் குறைவு. தாய் அசையாமல் படுத்திருப்பார், சிசு உள்ளே உதைத்துக்கொண்டிருக்கும்.

ரெமிஃபென்டனில் என்ற குறுநேர வலிநீக்கி விரைவாகத் தாண்டும். ஃபென்டனிலும் தாண்டும். ஆனால் தாயின் உடல் முழுக்கப் பரவிய பிறகு மிச்சமாக வருகிற அளவை நம்பி 600 கிராம் சிசுவின் முதுகில் கத்தி வைக்க முடியாது. நேரடி ஊசி அதற்காகத்தான்.

இதில் திரும்பத் திரும்ப நடக்கிற தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். சிசு அசைகிறது என்று தசைத் தளர்த்தியை மட்டும் போட்டுவிட்டு, அசைவு நின்றதும் எல்லாம் சரி என்று நினைப்பது. தசைத் தளர்த்திக்கு வலியைக் குறைக்கும் குணம் துளியும் கிடையாது. அசைவு நிற்கும், உள்ளே கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறுவதும் ரத்த ஓட்டம் மாறுவதும் நடந்துகொண்டேதான் இருக்கும். அதைக் காட்டிக்கொடுக்க இருந்த ஒரே வெளி அடையாளத்தையும் நாமே மூடிவிட்டோம் என்று அர்த்தம்.

#3 எழில்_சிசுமருத்துவம்
அளவு பற்றி. திறந்த அறுவைக்கு வழக்கமாக மூன்று மருந்துகள், தசையில்:
ஃபென்டனில் கிலோவுக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம்,
அட்ரோபின் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்,
வெக்குரோனியம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் (அல்லது அதற்கு ஈடான ரோக்குரோனியம்).

எடை என்பது அன்று காலை ஸ்கேனில் கணித்த எடை. போன வாரத்து அறிக்கையில் இருப்பதை வைத்துப் போடக்கூடாது. இந்த வயதில் ஒரு வாரத்தில் நூறு கிராம் வரை கூடியிருக்கும்.

600 கிராமுக்குக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கிலோவுக்கு 20 என்று வைத்தால் ஃபென்டனில் 12 மைக்ரோகிராம். ஒரு மில்லியில் 50 மைக்ரோகிராம் உள்ள ஆம்பூலில் அது 0.24 மில்லி. வெக்குரோனியம் 0.12 மில்லிகிராம், 10 மில்லிகிராம் பொடியை 10 மில்லியில் கரைத்தால் 0.12 மில்லி. அட்ரோபின்தான் சிக்கல். 12 மைக்ரோகிராம் வேண்டும். மில்லிக்கு 0.6 மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் அது 0.02 மில்லி. அதை எந்தச் சிரிஞ்சிலும் நம்பி அளக்க முடியாது. ஒரு மில்லி ஆம்பூலை உப்பு நீரால் 6 மில்லியாக்குங்கள், மில்லிக்கு 0.1 மில்லிகிராம் ஆகும், 0.12 மில்லி எடுத்தால் போதும். மூன்றும் சேர்ந்து 0.48 மில்லி, ஒரே 1 மில்லி சிரிஞ்சில் அடங்கிவிடும்.

பத்து மடங்குப் பிழை இந்த இடத்தில்தான் நடக்கிறது. நீர்த்ததை யாராவது மறுபடி நீர்ப்பார்கள், அல்லது நீர்க்காத ஆம்பூலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கு போட்டு, விடை ஒத்துப்போன பிறகே சிரிஞ்ச் மேசைக்குப் போகவேண்டும். கணக்கைப் போட்டுக் காட்டியதை மற்றவர் பார்த்துத் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

#4 ஊசிமுனை
எழில் மேடம் சொன்னதோடு ஒரு சின்ன விஷயம். ஸ்கேன் பார்த்துக்கொண்டு 22 கேஜ் நீள ஊசியால் போடும்போது ஊசியின் குழலிலும் கழுத்திலும் கொஞ்சம் மருந்து தங்கிவிடும். மொத்தமே அரை மில்லி என்பதால் அந்த இழப்பு பெரிய பங்கு. ஊசியை மருந்தால் நிரப்பிய பிறகு சிரிஞ்சில் 0.48 இருக்கவேண்டும், நிரப்புவதற்கு முன்னால் அல்ல.

இடம்: பிட்டம் அல்லது தொடை, தோள் தசையும் சரி. கருப்பையைத் திறந்த பிறகு என்றால் கண்ணுக்குத் தெரியும் தசையில் நேராகப் போடலாம். தோலில் கத்தி படுவதற்கு ஐந்து நிமிடமாவது முன்னால் போட்டுவிடுங்கள். சிசுவின் உடல் நெருக்கடியில் இருந்தால் தசைக்கு ரத்தம் குறையும், மருந்து மெதுவாகத்தான் ஏறும். தொப்புள்கொடிச் சிரை வழியாகப் போட்டால் உடனே வேலை செய்யும். ஆனால் கொடியில் குத்தினால் ரத்தக்கசிவு, கொடியின் ரத்தக்குழாய் சுருங்குவது, இதயத்துடிப்பு சரிவு எல்லாம் வரலாம். ரத்தம் ஏற்றுவதற்காக ஏற்கெனவே சிரையில் ஊசி இருக்கும்போது மட்டும் அந்த வழி நியாயம்.

அட்ரோபின் எதற்கு என்று கேட்பார்கள். சிசுவின் இதயம் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் ரத்தத்தைப் பெரிதாகக் கூட்ட முடியாது. வெளியேற்றம் முழுக்கத் துடிப்பு எண்ணிக்கையை நம்பியிருக்கிறது. கையாளும்போதும் ஃபென்டனிலாலும் துடிப்பு இறங்கும், அதைத் தடுக்க.

#5 நிலவன்
நன்றி சார். கருப்பை தளர்வதற்காகத் தாய்க்கு ஆவி மருந்தை 2 முதல் 3 மேக் (பாதிப் பேர் கத்தி பட்டும் அசையாமல் இருக்கும் அளவு 1 மேக்) வரை ஏற்றுகிறார்களே, அந்த அளவிலேயே சிசு நன்றாக மயங்கிவிடாதா?

#6 கருவறை_மயக்கவியல்
மயங்கும், அதற்கு விலை சிசுவின் இதயம்.

2, 3 மேக் அளவில் மணிக்கணக்காக வைத்திருந்தால் எக்கோ எனும் இதய ஸ்கேனில் இதயச் சுருக்கம் தளர்வது தெரியும், வால்வு கசியத் தொடங்கும், பிறகு துடிப்பு இறங்கும். கூடவே தாயின் ரத்த அழுத்தமும் விழும். நச்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் தாயின் அழுத்தத்தை நம்பியே ஓடுகிறது, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் திறன் அந்தக் குழாய்களுக்கு இல்லை. சிசுவின் வலிக்கென்று ஏற்றிய மருந்து கடைசியில் சிசுவின் ஆக்ஸிஜனைக் குறைத்துவிடுகிறது.

இந்தக் காரணத்தால் பல மையங்கள் முறையை மாற்றிக்கொண்டன. தொடக்கத்தில் தாய்க்குப் புரோபோஃபால் (சிரை வழி மயக்க மருந்து), ரெமிஃபென்டனில் சொட்டு. கருப்பையைத் திறக்கும் நேரம் நெருங்கும்போது மட்டும் ஆவி மருந்து, அதுவும் 1 முதல் 1.5 மேக் அளவில். கருப்பை இன்னும் இறுக்கமாக இருந்தால் நைட்ரோகிளிசரின் 50 முதல் 100 மைக்ரோகிராம் சிரையில், தேவைப்பட்டால் திரும்பவும். 2010-இல் வெளிவந்த ஒப்பீட்டில் இந்த முறையில் சிசுவின் இதயத் தளர்ச்சி குறைந்தது.

ஆவி மருந்து குறைந்ததால் சிசுவுக்கு நேரடி ஃபென்டனிலின் முக்கியத்துவம் முன்பைவிடக் கூடிவிட்டது. பழைய நெறிமுறையில் மயக்க ஆழத்தை நம்பி வலிநீக்கத்தைக் கொஞ்சம் விட்டுவைத்திருந்தாலும் தப்பித்திருக்கலாம். புதிய முறையில் அது நடக்காது. முறையை மாற்றிவிட்டுச் சிசு ஊசியின் அளவை மட்டும் பழையபடி வைத்திருக்கும் இடங்கள் இதைக் கட்டாயம் மறுபரிசீலனை செய்யவேண்டும்.

தாயின் அழுத்தம் அடிப்படை அளவிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விழவிடாதீர்கள். அழுத்தத்தை ஏற்றும் ஃபினைல்எஃப்ரின் சொட்டு தயாராகத் தொங்கட்டும். இடப்பக்கச் சாய்வு 15 பாகை. வெளிமூச்சில் கார்பன் டை ஆக்ஸைடு 30 மி.மீ. பாதரசத்தைச் சுற்றி. கர்ப்பிணிக்கு அதுதான் இயல்பு. 40-க்கு விட்டுவிட்டால் சிசுவின் அமிலத்தன்மை கூடும்.

#7 நரம்பியல்_நோக்கர்
அந்த வயதில் சிசுவுக்கு வலி தெரியுமா என்று நிலவன் முதலில் கேட்டதை யாரும் தொடவில்லை. 

உணர்வுச் செய்திகளைக் கடத்தும் தாலமஸ் பகுதியிலிருந்து மூளைப் புறணிக்குச் செல்லும் இழைகள் சுமார் 23, 24 வாரத்தில் புறணித் தட்டை எட்டத் தொடங்கும். தொடுதலுக்கான மின் அலைகள் புறணியில் 29 வாரம் வாக்கில் பதிவாகின்றன. இதை வைத்து 2005-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, மூன்றாம் மும்மாதத்துக்கு முன் வலி உணர வாய்ப்புக் குறைவு என்றது. பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2010 அறிக்கையில் எல்லையை 24 வாரம் என்றது. 2022-இல் 28 வாரம் என்று தள்ளியது. எதிர்ப்பக்கம் 2020-இல் டெர்பிஷையரும் பாக்மேனும் எழுதிய கட்டுரை. புறணி முழுமையாக இணையும் முன்பே ஒருவித வலி அனுபவம் இருக்கலாம், 12 வாரத்திலிருந்தே அதைத் தள்ளிவிட முடியாது என்றது. டெர்பிஷையர் அதற்கு முன் எதிர்நிலையில் இருந்தவர் என்பதால் அது கவனம் பெற்றது.

ஆக, 24 வாரச் சிசு வலியை 'உணர்கிறதா' என்பதற்கு இன்று உறுதியான பதில் கிடையாது. அப்படி இருக்கும்போது கட்டாயமாக ஊசி போடவேண்டும் என்பதற்கான அறிவியல் அடிப்படை என்ன என்று கேட்பது நியாயம்தான்.

#8 எழில்_சிசுமருத்துவம்
நியாயமான கேள்விதான், ஆனால் ஊசி போடும் முடிவு அந்தக் கேள்வியில் தொங்கவில்லை. உணர்வு இருக்கிறதா என்பது ஒன்று. உடல் எதிர்வினை காட்டுகிறதா என்பது வேறு. இரண்டாவதற்கு அளந்த எண்கள் இருக்கின்றன.

1994-இல் லான்செட்டில் வந்த ஆய்வு அருமையான ஏற்பாடு. சிசுவுக்கு ரத்தம் ஏற்ற இரண்டு வழிகள். ஒன்று தொப்புள்கொடி நச்சுக்கொடியோடு சேரும் இடம். அங்கே நரம்பு கிடையாது. மற்றொன்று சிசுவின் வயிற்றைத் துளைத்துக் கல்லீரலுக்குள் உள்ள சிரை. கல்லீரல் வழியில் ஏற்றிய சிசுக்களில் கார்டிசாலும் பீட்டா எண்டார்ஃபினும் (இதுவும் நெருக்கடியில் சுரப்பது) ஏறின. கொடி வழியில் ஏறவில்லை. ஏற்றியது அதே ரத்தம். வித்தியாசம் சிசுவைக் குத்தியதா இல்லையா என்பது மட்டும்.

2001-இல் ஃபிஸ்க் குழு அடுத்த படி எடுத்தது. கல்லீரல் வழியில் ஏற்றும்போது சிசுவுக்குக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் ஃபென்டனில் சிரையில் கொடுத்தார்கள், நச்சுக்கொடியின் பங்கையும் சேர்க்க எடைக்கணக்கை 1.25 மடங்காக்கி. எண்டார்ஃபின் ஏற்றமும் மூளை ரத்த ஓட்ட மாற்றமும் மட்டுப்பட்டன. கார்டிசாலில் அவ்வளவு தெளிவான பலன் இல்லை. அதை மறைக்கவேண்டியதில்லை.

இந்த அழுத்த (ஸ்ட்ரெஸ்) எதிர்வினை மூளைக்கு ரத்தத்தைத் திருப்பி மற்ற உறுப்புகளுக்குக் குறைக்கிறது, கருப்பைச் சுருக்கத்தையும் தூண்டக்கூடும். ஊசி போட இந்தக் காரணம் ஒன்றே போதும். 1987-இல் ஆனந்த் குழு குறைமாதக் குழந்தைகளில் இதய நாள அறுவையின்போது ஃபென்டனில் கொடுத்து, அழுத்த எதிர்வினையும் அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைவதைக் காட்டிய பிறகுதான் பிறந்த குழந்தைகளுக்கு லேசான மயக்கம் போதும் என்ற பழக்கம் உடைந்தது. கருப்பைக்குள் இருப்பவர்களிடம் அதே தவறைத் திரும்பச் செய்யவேண்டாம். 2021-இல் அமெரிக்க மயக்கவியலாளர் சங்கமும் வட அமெரிக்கச் சிசு சிகிச்சை வலையமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ஒருமித்த அறிக்கையும் சிசுவைக் கீறும் அறுவைகளுக்கு நேரடி மருந்தை ஆதரிக்கிறது.

#9 நரம்பியல்_நோக்கர்
ஏற்கிறேன். 'வலி' என்ற சொல்லைவிட 'ஊறு எதிர்வினை' (திசு சேதப்படும்போது உடல் காட்டும் எதிர்வினை) என்று பேசினால் இந்த வாதத்தில் பாதி தேவையே இல்லாமல் போகும். பெற்றோரிடம் பேசும்போது மட்டும் கவனம் வேண்டும். "வலிக்காது" என்றும் சொல்லமுடியாது, "வலிக்கும்" என்றும் சொல்லமுடியாது. "மருந்து கொடுத்துவிட்டுத்தான் தொடங்குவோம்" என்று உறுதியாகச் சொல்லலாம். அம்மா அப்பா கேட்க நினைப்பதும் பெரும்பாலும் அதைத்தான்.

#10 நிலவன்
ஒரே நச்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரில் ரத்தக்குழாய் இணைப்புகளை லேசரால் மூடும்போதும் இதே மூன்று மருந்துகளா?

#11 எழில்_சிசுமருத்துவம்
இல்லை. லேசர் படுவது நச்சுக்கொடியின் மேல்பரப்பில். அங்கே நரம்பு இல்லை, சிசுவைத் தொடுவதும் இல்லை. தாய்க்கு வயிற்றில் மரப்பு ஊசியாக லிக்னோகெயின் (அட்ரினலின் சேராதது என்றால் கிலோவுக்கு 4.5 மில்லிகிராமைத் தாண்டாமல்) அல்லது ஸ்பைனல் போதும். அங்கே தேவை சிசு அசையாமல் இருப்பது. தாய்க்கு ரெமிஃபென்டனில் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் அளவில் ஓடவிட்டால் சிசு அமைதியாகும், தாய் விழித்திருப்பார். தாயின் மூச்சு வேகத்தைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கவேண்டும். நிமிடத்துக்கு 8-க்குக் கீழே போனால் சொட்டை நிறுத்தி மூச்சுவிடச் சொல்லுங்கள். மருந்து சில நிமிடங்களில் வடிந்துவிடும்.

சிசுவின் நெஞ்சில் வடிகுழாய் வைப்பது, மூச்சுக்குழாயில் பலூன் வைப்பது இதெல்லாம் வேறு கதை. சிசுவைத் துளைக்கிறோம் அல்லது உள்ளே கருவி விடுகிறோம், நேரடி ஊசி வேண்டும்.

#12 ஊசிமுனை
துடிப்பு இறங்கினால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே பதிவுசெய்துவிடுகிறேன். சிசுவுக்கு இயல்பு நிமிடத்துக்கு 110 முதல் 160. 100-க்குக் கீழே வந்ததும் அறுவை மருத்துவரின் கை நிற்கவேண்டும்.

உடனே மருந்துக்கு ஓடாதீர்கள். பெரும்பாலும் காரணம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்: கொடி மடங்கியிருக்கலாம், பனிக்குட நீர் வடிந்து கருப்பைச் சுவர் கொடியை அழுத்தியிருக்கலாம், கருப்பை இறுகியிருக்கலாம், தாயின் அழுத்தம் விழுந்திருக்கலாம், நச்சுக்கொடி பிரிந்திருக்கலாம். சிசுவை நகர்த்துங்கள், வெதுவெதுப்பான ரிங்கர் லாக்டேட்டைக் கருப்பைக்குள் நிரப்புங்கள், தாயின் அழுத்தத்தை ஏற்றுங்கள், ஆக்ஸிஜன் 100 சதவீதம், கருப்பை இறுகியிருந்தால் நைட்ரோகிளிசரின்.

குளிரும் பெரிய காரணம். திறந்த கருப்பையில் சிசு வேகமாகக் குளிர்ந்து துடிப்பு இறங்கும். நிரப்பும் திரவத்தைச் சூடாக்கி வேகமாக விடும் கருவியில் 38 முதல் 40 பாகைக்குள் வையுங்கள். கருவியின் திரையில் 39 என்று காட்டினாலும் நீளமான குழாயில் வரும்போது சூடு இறங்கிவிடும்; சிசுவை அடையும் முனையில் அளந்து பாருங்கள்.

இவற்றுக்கும் மசியவில்லை என்றால் அட்ரினலின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். 600 கிராமுக்கு 6 மைக்ரோகிராம். பத்தாயிரத்தில் ஒன்று கரைசலில் 0.06 மில்லி. இன்னும் பத்து மடங்கு நீர்த்து 0.6 மில்லியாக முன்கூட்டியே எடுத்து, ஒட்டி, கிருமிநீக்கிய மேசையில் வைத்திருங்கள். நெருக்கடியில் யாரும் 0.06 மில்லி அளக்கக்கூடாது. ரத்த இழப்பு என்றால் ஓ நெகட்டிவ், கதிர்வீச்சு செய்த, வெள்ளணு நீக்கிய, தாயோடு பொருத்திப் பார்த்த ரத்தம், கிலோவுக்கு 10 மில்லி. அதாவது வெறும் 6 மில்லி. சிசுவிலும் நச்சுக்கொடியிலும் சேர்த்தே நூறு மில்லிக்குள்தான் ரத்தம் ஓடுகிறது என்பதை மனதில் வையுங்கள். தரையில் கிடக்கும் ஒரு நனைந்த பஞ்சு தாய்க்கு ஒன்றுமில்லை, சிசுவின் ரத்தமாக இருந்தால் அது பேரிழப்பு.

#13 கருவறை_மயக்கவியல்
எக்ஸிட் முறைக்கும் (கொடியை வெட்டாமல் சிசுவைப் பாதி வெளியே எடுத்துச் சிகிச்சை செய்வது) ஒரு வரி. அங்கே ஆழ்ந்த ஆவி மயக்கம் இன்னும் வழக்கில் இருக்கிறது, ஏனென்றால் கொடியை வெட்டும்வரை கருப்பை முழுக்கத் தளர்ந்திருக்கவேண்டும். தலையும் தோளும் மட்டும் வெளியே. கைவிரல் ஆக்ஸிஜன் மானியில் 40 முதல் 70 சதவீதம் வரை இருந்தால் சிசுவுக்கு அது இயல்பு. 95-ஐ எதிர்பார்த்துப் பதறக்கூடாது. மானியை வெளிச்சம் படாமல் மூடுங்கள், அறுவை விளக்கு அளவைக் கெடுக்கும். கொடியை வெட்டியதும் ஆவி மருந்தைக் குறைத்து கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் தொடங்கவேண்டும். அந்த இரண்டு நிமிடம் தவறினால் தாய் ரத்தத்தை இழப்பார்.

#14 நிலவன்
அறுவைக்குப் பிறகு சிசுவின் வலிக்கு என்ன செய்கிறார்கள்?

#15 கருவறை_மயக்கவியல்
நேரடியாகச் சிசுவுக்குத் திரும்ப ஊசி போடும் வழக்கம் இல்லை. தாய்க்கு எபிடியூரலில் குறைந்த செறிவு புபிவகெயின் என்ற மரப்பு மருந்தும் ஃபென்டனிலும் இரண்டு நாள் வரை ஓடும். தாயின் வலி அடங்கவில்லை என்றால் கருப்பை சுருங்கத் தொடங்கும், குறைப்பிரசவம் வரும். அதனால் இங்கே தாயின் வலிநீக்கம் நேரடியாகச் சிசுவின் சிகிச்சையே.

கருப்பைச் சுருக்கத்தைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் கருப்பையை மூடும்போதே தொடங்கும்: 4 முதல் 6 கிராம் 20 நிமிடத்தில், பிறகு மணிக்கு 1 முதல் 2 கிராம். அது தாயின் தசைத் தளர்த்தியை நீட்டிக்கும், ஆகவே தசைத் தளர்வை அளக்கும் நரம்புத் தூண்டல் மானி பார்க்காமல் தாயின் மூச்சுக்கு வைத்த குழாயை எடுக்காதீர்கள். திரவத்தை அள்ளி ஊற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். மொத்தம் இரண்டு லிட்டருக்குள் நிறுத்துவது நல்லது. கீட்டோரோலாக் என்ற வலி மருந்து வேண்டாம். கருப்பைச் சுருக்கத்தைத் தடுக்க இண்டோமெத்தசின் ஓடினால் சிசுவின் இதய நாளம் (டக்டஸ் ஆர்டீரியோசஸ்) குறுகுகிறதா என்று தினமும் எக்கோ பார்க்கவேண்டும்.

#16 பச்சிளம்_பிரிவு
யாரும் சொல்லாத ஒன்று எங்கள் பக்கத்திலிருந்து. அறுவை நடுவில் துடிப்பு திரும்பாமல் அவசரமாகக் குழந்தையை வெளியே எடுக்கவேண்டி வந்தால், எங்களிடம் வருவது தசைத் தளர்த்தியும் ஃபென்டனிலும் ஏறிய குழந்தை. அழாது, மூச்சுவிடாது, கை கால் அசைக்காது. அதைப் பார்த்து மூளை பாதிப்பு என்றோ, உயிர்ப்பில்லை என்றோ முடிவெடுத்துவிடக்கூடாது. முகமூடியில் காலம் கடத்தாமல் குழாய் போட்டு மூச்சு கொடுக்கவேண்டும், மருந்து இறங்கும்வரை. ஃபென்டனிலை முறிக்கும் நாலாக்ஸோன் கொடுத்துப் பயனில்லை. தசைத் தளர்த்தியை அது தொடாது, வலிநீக்கத்தைத்தான் பறிக்கும்.

ஆகவே சிசுவுக்கு ஊசி போட்ட நேரம், ஒவ்வொரு மருந்தின் அளவு, மறுபடி போட்டிருந்தால் அந்த நேரம், இவை அறுவை அறைப் பலகையில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். தாயின் மயக்கப் பதிவேட்டின் நடுவில் எழுதிவைத்தால் அந்த நிமிடத்தில் யாராலும் தேடிப் படிக்க முடியாது. சிசுவுக்கென்று தனி மருந்துத் தாள் போடுங்கள், அதன் நகல் எங்கள் வெப்ப மேசைமேல் அறுவை தொடங்கும் முன்பே இருக்கட்டும்.

#17 நிலவன்
தனித் தாள் என்றால் எடை, மூன்று மருந்தின் மில்லி அளவு, அட்ரினலின், ரத்தம் இவை எல்லாம் முந்தைய நாளே கணக்கிட்டு எழுதலாமா?

#18 எழில்_சிசுமருத்துவம்
வடிவத்தை முந்தைய நாளே தயார்செய்யுங்கள். எடையையும் மில்லியையும் காலை ஸ்கேன் முடிந்த பிறகு மட்டும் நிரப்புங்கள். முந்தைய நாள் எண் ஒன்று ஏற்கெனவே எழுதியிருந்தால், அவசரத்தில் அதுவே சிரிஞ்சுக்குப் போய்விடும்.